எண்ணெயில் மூழ்கியும் பிடிக்கும் தட்டுகள்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் பலருக்கும் விளங்காத முரண் ஒன்று உண்டு. குறையின்றி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பழைய இன்ஜின் எண்ணெயை வடித்துவிட்டு, விலை கூடிய புது எண்ணெய் ஊற்றப்படுகிறது. இரைச்சல் குறைகிறது, கியர் இதமாக விழுகிறது. ஆனால் மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால், இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு போகிறதே தவிர, வண்டியின் வேகம் கூடுவதில்லை. ‘கிளட்ச் சிலிப் ஆகிறது, பிளேட் மாற்ற வேண்டும்’ என்று பட்டறையில் தீர்ப்பு வந்துவிடுகிறது. எண்ணெயை மாற்றியதற்கும் கிளட்ச் நழுவுவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இரண்டும் ஒரே வாரத்தில் நேர்ந்தது தற்செயலா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் அடிபட்டுப் போகிறது. அதற்கு விடை காண, அதைவிட வியப்பான இன்னொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்: எண்ணெயில் ஊறிக் கிடக்கும் தட்டுகளால் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்ள முடிகிறது?

ஒரே எண்ணெய், மூன்று வேலை

இன்ஜினின் சுழற்சியைக் கியர்களுக்குக் கடத்துவதும், கியர் மாற்றும்போது அந்தத் தொடர்பை அறுப்பதும் கிளட்ச்சின் பணி. பெரும்பாலான கார்களில் அது எண்ணெய் படாத உலர்ந்த அறையில், அகலமான ஒற்றைத் தட்டைக் கொண்டு அமைகிறது. மோட்டார் சைக்கிளில் அவ்வளவு அகலத்துக்கு இடமில்லை என்பதால், சிறிய தட்டுகள் பலவற்றை அடுக்கி, அந்த அடுக்கை எண்ணெயில் நனைய விடுகிறார்கள். இதுவே ஈரக் கிளட்ச். அடுக்கில் இரண்டு வகைத் தட்டுகள் மாறி மாறி வருகின்றன. காகித இழை, கார்க் போன்ற நுண்துளைப் பொருள் ஒட்டப்பட்ட உராய்வுத் தட்டுகள், பட்டறைகளில் ‘கிளட்ச் ஹவுசிங்’ எனப்படும் வெளிக்கூடையோடு, அதாவது இன்ஜினோடு, சேர்ந்து சுழல்கின்றன. வழுவழுப்பான எஃகுத் தட்டுகள் நடுவிலுள்ள ‘ஹப்’போடு, அதாவது கியர்பெட்டியோடு, சேர்ந்து சுழல்கின்றன. நான்கைந்து சுருள்வில்கள் அடுக்கு முழுவதையும் ஓயாமல் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. கைப்பிடியிலுள்ள லீவரை இழுப்பவர் அந்த வில்களை எதிர்த்து இழுக்கிறார். விட்டதும் வில்கள் தட்டுகளை மீண்டும் நெருக்குகின்றன.

வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் தட்டுகள் ஓரிரு விநாடி ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்த பிறகே ஒன்றாகின்றன. அந்தத் தேய்வின் சூட்டை வாங்கிச் செல்வதற்கு எண்ணெய் தேவைப்படுகிறது. சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில், இன்ஜினுக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் செயின் அறைக்கு ஒன்று என்று மூன்று இடங்களில் தனித்தனியே எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. அன்றைய உரிமையாளர்களுக்கு அது தொல்லையாகத் தோன்றியிருக்கலாம், ஆனால் ஒவ்வோர் அறைக்கும் அதற்கேற்ற எண்ணெய் கிடைத்தது. இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஒரே எண்ணெய்தான் மூன்று வேலைகளையும் பார்க்கிறது. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், கியர்ப் பற்கள் நசுங்காமல் காக்கப்பட வேண்டும், அதே வேளையில் கிளட்ச் தட்டுகள் வழுக்கவே கூடாது என்னும் இந்த எதிரெதிர்க் கோரிக்கைகளை ஒரே திரவம் நிறைவேற்றுவதுதான் இந்தச் சிக்கலின் வேர்.

கடைசிப் படலம்

லீவரை விடும் கணத்தில் தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; அது இருக்கும்வரை தட்டுகள் நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் வில்களின் நெருக்கலில் அந்தப் படலம் உராய்வுத் தட்டில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் வழியே வெளியே ஓடியும், நுண்துளைகளுக்குள் புகுந்தும் மெலிந்துபோக, இறுதியில் சில மூலக்கூறுகளின் தடிமனே உள்ள மென்படலம் மட்டும் மேடுகளின்மேல் ஒட்டிக்கொண்டு மிஞ்சுகிறது. எண்ணெயின் கனம் அல்லது ஓட்டத் தடையைக் குறிக்கும் பாகுநிலை இந்தக் கட்டத்தில் பொருட்டாவதில்லை. ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் என்ன வகை என்பதே பிடியைத் தீர்மானிக்கிறது. தாங்கிகளில் வேகத்தைப் பொறுத்து உராய்வு எவ்வாறு இறங்கி ஏறுகிறது என்பதை 1902இல் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் அளந்து காட்டினார். படலம் மூலக்கூறு அளவுக்கு மெலிந்த நிலையை வில்லியம் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் 1922இல் இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். அதற்கு வழங்கும் பெயரைத் தமிழில் எல்லை உயவு எனலாம்.

கார் எண்ணெய் தயாரிப்போர் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கைவைத்த இடமும் இந்த எல்லைதான். உராய்வுத் தணிப்பான்கள் என்னும் சேர்மங்களைச் சிறிதளவு கலந்தால், அவற்றுள் சில வகையின் மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, கொழுப்புத் தன்மையுள்ள நீண்ட மறுமுனையை வெளியே நீட்டி நிற்கின்றன. மாலிப்டினம் கலந்த வேறு சில வகைகள், சூடும் தேய்வும் உள்ள இடங்களில் மாலிப்டினம் டைசல்பைடு என்ற அடுக்கடுக்கான, எளிதில் சறுக்கும் பூச்சாக மாறுகின்றன. காருக்கு இதனால் நன்மையே, ஏனெனில் அதன் கிளட்ச் வேறு அறையில் உலர்ந்து கிடக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குள் ஊற்றப்படும்போது அதே மூலக்கூறுகள் பிஸ்டன் எது, கிளட்ச் தட்டு எது என்று பிரித்தறியாமல், எஃகு கிடைத்த இடமெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன.

டப்பாவின் பின்புறம்

கார் எண்ணெய்கள் இப்படி மாறிக்கொண்டே போனதால், ஜப்பானில் 1998இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென்றே ‘ஜாசோ டி 903’ என்ற தரநிலை வகுக்கப்பட்டது. எண்ணெயில் நனைந்த தட்டுகளைச் சோதனைப் பொறியில் சுழற்றி, அவை நழுவும்போது உள்ள உராய்வு, பிடித்தபின் உள்ள உராய்வு, நின்றுபோக எடுக்கும் நேரம் ஆகிய மூன்றையும் அளந்து, பிடி மிகுந்த எண்ணெய்க்கு ‘எம்.ஏ.’ என்றும், பிடி குறைந்ததற்கு ‘எம்.பி.’ என்றும் பெயரிட்டார்கள். பின்னர் எம்.ஏ. வகுப்பே எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரிக்கப்பட்டது, இரண்டில் எம்.ஏ.2வுக்கே பிடி அதிகம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கிளட்ச் எண்ணெய் படாமல் உலர்ந்தே இயங்குவதால் அவற்றுக்கு எம்.பி. பொருந்தும். ஒரே வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்து, ஒன்றுக்கு வாங்கிய எண்ணெயை மற்றதற்கும் ஊற்றினால் வரும் வம்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கடைகளில் எண்ணெயைப் பெரும்பாலும் ‘10டபிள்யூ-30’, ‘20டபிள்யூ-50’ என்ற எண்களைச் சொல்லியே கேட்கிறார்கள். அந்த எண்கள் பாகுநிலையை மட்டுமே குறிப்பவை. அதே 10டபிள்யூ-30 எம்.ஏ. முத்திரையோடு பைக்குக்கும், உராய்வுத் தணிப்பானோடு காருக்கும் விற்கப்படுகிறது. ‘சிந்தெடிக் ஆயில் வழுக்கும், அதனால் கிளட்ச் போய்விடும்’ என்ற பரவலான நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை, ஏனெனில் முழுச் செயற்கை எண்ணெய்களிலும் எம்.ஏ.2 தரம் பெற்றவை உண்டு. கவனிக்க வேண்டியவை இரண்டே: ஜாசோ கட்டத்தில் உள்ள எழுத்துகள் ஒன்று, அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் வட்ட முத்திரையில், கீழ் வளைவில் எரிபொருள் சிக்கனத்தை, அல்லது அண்மைக்கால எண்ணெய்களில் வளச் சிக்கனத்தைக் குறிக்கும் சொற்கள் இருக்கின்றனவா என்பது மற்றொன்று. அந்தச் சொற்கள் இருந்தால் அந்த எண்ணெய் காருக்கானது என்று கொள்வதே பாதுகாப்பு.

ஒரு 150 சிசி வண்டியின் கணக்கு

உராய்வு எவ்வளவு குறைந்தால் கிளட்ச் நழுவும் என்பதைக் கூட்டல் பெருக்கல் அளவிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். கற்பனையான ஒரு 150 சிசி வண்டியை எடுத்துக்கொண்டால், அதன் இன்ஜின் தரும் உச்ச முறுக்கு விசை, அதாவது அச்சைத் திருப்பும் வலிமை, 13 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவிலுள்ள பற்சக்கரங்கள் சுழற்சியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து முறுக்கை மும்மடங்காக்குவதால், கிளட்ச் தாங்க வேண்டியது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர்.

இனி கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம். வில்கள் அனைத்தும் சேர்ந்து சுமார் 100 கிலோ எடைக்கு நிகராக, அதாவது 1,000 நியூட்டன் விசையோடு தட்டுகளை நெருக்குகின்றன என்று கொள்வோம். நெருக்கும் விசையில் எத்தனை பங்கு பிடியாக மாறுகிறது என்பதைச் சொல்லும் உராய்வுக் குணகம், தக்க எண்ணெயில் 0.12 என்றால், ஒரு தட்டின் ஒரு முகத்தில் கிடைக்கும் பிடி 120 நியூட்டன். அது மையத்திலிருந்து சராசரியாக 4.5 சென்டிமீட்டர் தள்ளிச் செயல்படுவதால் ஒரு முகம் 5.4 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்கும். ஐந்து உராய்வுத் தட்டுகளுக்குப் பத்து முகங்கள். ஆகவே மொத்தம் 54. தேவை 40, இருப்பு 54. மீதி 14தான் இந்தக் கிளட்ச்சின் கையிருப்பு.

தவறான எண்ணெய் குணகத்தை 0.08க்கு இறக்கிவிட்டால், அதே வில்லும் அதே தட்டுகளும் 36ஐத்தான் தாங்கும். 40 கேட்கும் இடத்தில் 36 கிடைப்பதால் கிளட்ச் முற்றிலும் கைவிட்டுவிடுவதில்லை. இன்ஜின் முழு முறுக்கைத் தரும்போது மட்டும் நழுவுகிறது. சமதளத்தில் நிதானமாக ஓட்டுபவர் பல நாள் இதை உணராமலே இருப்பதற்குக் காரணம் இதுதான். மேட்டில், மேல் கியரில், ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது கூடை நிமிடத்துக்கு 2,500 சுற்றும், ஹப் 2,000 சுற்றும் சுழல்கின்றன என்றால், இன்ஜினின் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் சக்கரத்துக்குப் போகாமல் தட்டுகளுக்கு நடுவிலேயே சூடாகிறது. இந்த எண்களின்படி அது ஏறக்குறைய 1,900 வாட். சாதாரண மின் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டைத் தட்டுகளின் நடுவே செருகி வைத்ததற்குச் சமம். எண்ணெய் அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் சுமக்கும். அதற்குமேல் உராய்வுப் பொருளின் துளைகள் கருகி அடைபட்டு, மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறி, எஃகுத் தட்டில் நீலம் பாரிக்கிறது. தவறான எண்ணெயை அன்றே வடித்தால் பெரும்பாலும் மீளும் கிளட்ச், அதே நிலையில் தொடர்ந்து ஓட்டப்பட்டால் மீளாமல் போவது இந்தச் சூட்டால்தான்.

கையிருப்பு கரைந்த கதை

எல்லாப் பழியும் எண்ணெயைச் சேராது என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. அதே வண்டி பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, தட்டுகள் மெலிந்திருக்கின்றன என்று கொள்வோம். அடுக்கு மெலியும்போது அதை நெருக்கும் வில்கள் அதிகம் விரிய நேர்வதாலும், சூட்டில் அவை தளர்ந்துபோவதாலும் நெருக்கும் விசை 15 விழுக்காடு குறைந்தால், கிளட்ச் தாங்கக்கூடியது 54லிருந்து 46ஆக இறங்கும். தேவை 40 என்பதால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போது புது எண்ணெயின் குணகம் பழையதைவிடச் சற்றே குறைந்து 0.10ஆக இருந்தால், கிளட்ச்சின் தாங்குதிறன் 38ஆகி, நழுவல் தொடங்கிவிடும். அதே எண்ணெயைப் புதுத் தட்டுகள் உள்ள வண்டியில் ஊற்றினால் 45 கிடைக்கும், கிளட்ச் நழுவாது; அதே தேய்ந்த தட்டுகளைப் பழைய எண்ணெயிலேயே விட்டிருந்தால் 46 கிடைக்கும், அப்போதும் நழுவாது. எண்ணெய் விற்றவரும் தட்டைக் குறைசொல்லும் மெக்கானிக்கும் ஆளுக்குப் பாதி உண்மையோடு சண்டையிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வண்டிகளை முன்னிறுத்தித்தான். எண்ணெய் மாற்றியதும் நழுவியது என்பதாலேயே எண்ணெய் முழுக் காரணமாகிவிடாது. முந்தின நாள் வரை நழுவவில்லை என்பதாலேயே தட்டுகள் நலமாக இருந்தன என்றும் ஆகிவிடாது.

கைபட்ட இடங்கள்

முதலில், நழுவுவது கிளட்ச்தானா என்பது உறுதிப்பட வேண்டும். ஒரே கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்வரை இன்ஜினின் சுழற்சியும் வண்டியின் வேகமும் பற்சக்கரங்களால் கட்டுண்டவை. மேல் கியரில் சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் 5,000 காட்டினால், அதே கியரில் மேட்டிலும் 50க்கு 5,000தான் காட்டியாக வேண்டும். 6,000 காட்டினால் நழுவல் ஐயமற்றது. இன்ஜினுக்கே வலு குறைந்திருந்தால் வண்டி திணறுமே தவிர முள் ஏறாது. தேய்ந்த செயின் பல் தாண்டினால் வெட்டி வெட்டி இழுக்கும், சத்தமும் கேட்கும். அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெய் நுரைத்து ஆற்றலைத் தின்னும் என்றாலும் அதுவும் முள்ளை ஏற்றாது. சோதனையை மேல் கியரில் செய்வதற்குக் காரணம் உண்டு: கீழ்க் கியர்களில் வண்டி விரைந்து வேகமெடுப்பதால் முள் எப்படியும் ஏறிக்கொண்டே போகிறது, நழுவல் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

அடுத்து, அந்தச் சர்வீஸில் எவற்றிலெல்லாம் கைபட்டது என்று கேட்க வேண்டும். எண்ணெய் மாற்றும்போதே கிளட்ச் கேபிளையும் ‘கொஞ்சம் டைட்’ செய்து கொடுப்பது பட்டறைகளின் வழக்கம். லீவர் கைக்கு இதமாக இருப்பதால் வாடிக்கையாளருக்கும் அது பிடித்துப்போகிறது. ஆனால் லீவரின் நுனியில் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை, வில்லின் எதிர்ப்பு தொடங்குமுன் உள்ள வெற்றசைவு இருந்தாக வேண்டும். மெக்கானிக்குகள் ‘ஃப்ரீ பிளே’ என்று சொல்லும் அது இல்லாமல் போனால், யாரும் லீவரைத் தொடாதபோதும் கேபிள் வில்களை எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். கணக்கிலுள்ள 1,000 நியூட்டனில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, இரண்டு நிலையிலும் வெற்றசைவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. எனினும் பல வண்டிகளில் இந்தச் சோதனைக்கு முன்பே இன்ஜினின் பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டுவிடுகிறது. இதில் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு: தட்டுகள் தேயத் தேய வெற்றசைவு தானே குறைந்துகொண்டு வரும். ஆகவே கேபிளை அடிக்கடி தளர்த்த வேண்டியிருந்த வண்டியில் தேய்வைச் சந்தேகிப்பது நியாயம்.

கேபிள் சரியாக இருந்தால் எண்ணெய் டப்பாவைத் தேட வேண்டும். டப்பா குப்பைக்குப் போய்விட்டால் பில்லாவது உதவும். எண்ணெயோடு ‘இன்ஜின் டிரீட்மெண்ட்’ என்று சிறு குப்பி ஏதேனும் ஊற்றப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும், ஏனெனில் டெஃப்லான், மாலிப்டினம் போன்றவை கலந்த அத்தகைய குப்பிகள் நல்ல எம்.ஏ.2 எண்ணெயையும் கெடுத்துவிடக்கூடும். அறிகுறியின் போக்கும் ஓரளவு வழிகாட்டும்: கேபிளால் வரும் நழுவல் குளிர்ந்த இன்ஜினிலேயே, முதல் தெருவிலேயே தெரியும், எண்ணெயால் வருவது பெரும்பாலும் வண்டி நன்றாகச் சூடான பிறகு வலுக்கும்.

லீவருக்குப் பின்னால் திரவம்

விலையுயர்ந்த சில வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாகத் திரவ அழுத்தமே கிளட்ச்சை இயக்குகிறது. அவற்றில் இந்தத் திரவத்தை மாற்றியபின் நழுவல் தொடங்கினால், இன்ஜின் எண்ணெயைச் சந்தேகிப்பது வீண். கைப்பிடியருகே உள்ள சிறு தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டால், சூட்டில் விரியும் திரவத்துக்குத் திரும்ப இடமின்றி, அந்த அழுத்தமே லீவரைப் பாதி இழுத்ததுபோல் ஆகிவிடும். பிரேக் திரவம் கேட்கும் அமைப்பில் கனிம எண்ணெயையோ, கனிம எண்ணெய் கேட்கும் அமைப்பில் பிரேக் திரவத்தையோ ஊற்றினால் ரப்பர் அடைப்பான்கள் ஊதி, பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். எது தேவை என்பது பெரும்பாலும் தொட்டியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

வடித்தபின் மிஞ்சுவது

எண்ணெயே காரணம் என்று தெரிந்தபின், ஒருமுறை மாற்றிவிட்டு ‘இன்னும் நழுவுகிறதே’ என்று தட்டுகளின்மேல் பாய்வது அவசரம். மேற்சொன்ன வண்டியில் எண்ணெய் மொத்தம் 1.2 லிட்டர் கொள்ளும், வடிதிறப்பு வழியாக வெளியேறுவது 1 லிட்டர் என்றால், ஆறில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. புது எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓட்டி, சூட்டோடு மறுபடி வடித்தால் எஞ்சும் பழைய எண்ணெய் முப்பத்தாறில் ஒரு பங்காகும். தட்டுகளின் நுண்துளைகளில் ஊறிய தணிப்பான்கள் வெளியேறுவதற்கும் இந்த இடைவெளி உதவுகிறது. வடிகட்டியையும் கூடவே மாற்ற வேண்டும். அந்த ஓட்டம் முழுவதும் கிளட்ச்சைச் சூடாக்காமல் மென்மையாக ஓட்ட வேண்டும்.

இரண்டாம் முறைக்குப் பின்னும் மேட்டில் முள் ஏறினால்தான் பக்க மூடியைத் திறக்கும் வேளை வருகிறது. அப்போது உராய்வுத் தட்டின் தடிமனையும் வில்லின் நீளத்தையும் அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எல்லை அளவோடு ஒப்பிட வேண்டும். புதிதாக 3 மில்லிமீட்டர் இருக்கும் தட்டுக்கு அந்த எல்லை மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குகளே குறைவாக இருக்கும் என்பதால், கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்ப முடியாது. எஃகுத் தட்டுகள் நீலம் பாரித்தோ வளைந்தோ இருந்தால் அவற்றையும் மாற்றியாக வேண்டும். சமமான கண்ணாடித் தளத்தின்மேல் வைத்து ஓரத்தில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். புது உராய்வுத் தட்டுகளை உலர்ந்தபடியே பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும் அபாயம் உண்டு என்பதால், இன்ஜினில் ஊற்றப்போகும் அதே எண்ணெயில் அவற்றை முன்கூட்டியே ஊறவைத்துப் பூட்ட வேண்டும்.